சென்னியப்பன் கழற்றிய ஆயில் பேன்

காரின் இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும் தட்டுக்கு ஆயில் பேன் என்று பெயர். அது ஒழுகுகிறதென்று சென்னியப்பன் வீட்டிலேயே, தனியாளாகக் கழற்றிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சலூன் பெஞ்சில் உட்கார்ந்ததும் அதைத்தான் ஆரம்பித்தார். நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருந்தவர் மெக்கானிக் அன்வர் பாய். அவர் வாயைத் திறக்க முடியாத நேரம் பார்த்துத்தான் சென்னியப்பன் வாயைத் திறந்தார்.

“பதினெட்டு போல்ட்டையும் கழட்டிட்டேனுங்க. பேன் அசையோணுமே! பழைய பசை கவ்விப் புடிச்சிருக்குது. ரெண்டு கையாலயும் புடிச்சுத் தொங்குனேன்.”

“காருக்கு அடியில படுத்துட்டு எப்படீங்க தொங்குவீங்க?” என்றார் சலூன்காரர் கதிரேசன்.

“குழி தோண்டித்தான்! தோண்டுன வேகத்துல தண்ணியே வந்திருச்சு. எதுத்த வீட்டம்மா ரெண்டு குடம் புடிச்சிட்டுப் போனாங்க.”

அன்வர் பாயின் வயிறு குலுங்கியது.

“சிரிக்காதீங்க பாய், கத்தி பட்டுரும்.”

தன் காரை இன்னொருத்தர் தொடுவது சென்னியப்பனுக்குப் பிடிக்காது. அதிலும், பிறந்து ஐந்து நாளான பேத்தியை மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வரப் போகிற கார். நுரைக்குள் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவருக்கு வேகம் பிடித்தது.

“அப்புறம் பேன்ல கயித்தக் கட்டி, மறுமுனைய தண்ணி லாரியில கட்டுனேன். லாரி இழுத்துச்சு. பேன் வரலே. காரும் வரலே. தெருதான் நகந்துச்சு! எங்க வீட்டுக்கு நேரா இருந்த மாரியம்மன் கோயில், இப்ப நாலு வீடு தள்ளி இருக்குது.”

“அது எப்பவுமே அங்கதானுங்களே இருக்குது?”

“உன்ற கடையும் சேந்து நகந்துச்சல்ல, அதான் உனக்குத் தெரியலே.”

கதிரேசன் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். இனிமேல் கையில் வைத்திருப்பது ஆபத்து.

“கடைசில கோவத்துல ஒரே தட்டு! பேன் விடுபட்டு, பூமியப் பொத்துக்கிட்டு அந்தப் பக்கமே போயிருச்சுங்க. யாரோ வெளிநாட்டுக்காரன் போன் பண்றான், ‘உங்க தட்டு எங்க வாசல்ல கெடக்குது, கூரியர்ல அனுப்பட்டுங்களா’ன்னு.”

“தமிழ்லயா பேசுனான்?”

“எம் பேனத் தொட்டவனுக்குத் தமிழ் வராதா?”

கதிரேசன் துண்டால் முகத்தைத் துடைத்துவிட, அன்வர் பாய்க்கு ஒருவழியாக வாய் கிடைத்தது. சென்னியப்பன் பக்கம் சாவகாசமாகத் திரும்பினார்.

“ரொம்ப சந்தோசமுங்க. கழட்டுனது நீங்க. மாட்டறதுக்கு நான் எப்ப வரட்டும்?”

சென்னியப்பன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று. குரல் தானாக இறங்கியது.

“மொதல்ல... கழட்டறதுக்கு வாங்க, பாய்.”