மேடையேறிய கேண்டீன்

ஆர்கெஸ்ட்ராவின் முன்னால் குச்சி பிடித்து நடத்துகிற ஜெசிந்தாவுக்கு ஒரு பிடிவாதம். எங்கே கச்சேரி செய்தாலும், இன்றைக்கு உயிரோடு இருக்கும் யாராவது எழுதிய புது இசை ஒன்றைச் செருகிவிடுவாள். அதனாலேயே பல சபாக்கள் அவளைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன.

மிஞ்சிய ஒரே சபாவின் தலைவர் கஸ்தூரிரங்கம் கறாராகச் சொன்னார்: "நீ புதுசு ஆரம்பிச்சா கூட்டம் கேண்டீனுக்குக் கிளம்பிடறது. இந்தத் தடவை ஒருத்தர் எழுந்தாலும் அதோட உனக்கு இங்கே கச்சேரி கிடையாது."

"அந்த ஒருத்தர் யாரா இருந்தாலுமா சார்?"

"யாரா இருந்தாலும்தான்!"

கச்சேரியன்று பழையதெல்லாம் முடிந்து திரை விழுந்தது. "அடுத்தது புதுசு" என்று அறிவித்ததுதான் தாமதம், முதல் வரிசையிலிருந்து தலைவர் நைசாக நழுவினார். மற்றவர்கள் காலால் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே திரை விலகியது.

வயலின்காரர்களுக்குப் பின்னால் கேண்டீன் மாஸ்டர் பிச்சுமணி தோசைக்கல்லும் கரண்டியுமாக நின்றார். பக்கத்தில் டபரா டம்ளர்களோடு அவருடைய ஆட்கள் அத்தனை பேரும்.

"அட, நம்ம மாஸ்டர்!" எழப்போனவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். வெளியே போனாலும் காபி கொடுக்க யார் இருக்கிறார்கள்? போகப் போகக் கரண்டியின் தாளத்தோடு அவர்கள் கையும் சேர்ந்துகொண்டது.

பூட்டிய கேண்டீனைப் பார்த்துவிட்டுத் தலைவர் திரும்பியபோது அரங்கமே கைதட்டிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா மேடையிலிருந்து குனிந்து மெதுவாகக் கேட்டாள்: "ஒரே ஒருத்தர்தான் எழுந்தார் சார். யாருன்னு மைக்ல சொல்லிடட்டுமா?"

தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அடுத்த வருஷமும் நீயே வாம்மா. புதுசே வாசி. காபி போடறவனை மட்டும் எனக்கு விட்டுடு."