வேலியில கட்டின படம்

காலை நீட்டிப் படு, செவ்வந்தி. அத்தை கதை சொல்றேன். நீ "ம்" கொட்டணும். நீ நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தா. மூக்காயின்னு பேரு. அவளுக்கு ஒரே மகன், சடையாண்டி. அவன் பட்டாளத்துல சேர்ந்து எங்கேயோ பனிமலையில காவல் நின்னான். மூக்கு நுனி மரத்துப்போற குளிரு. அவன் அங்க கண்ணு முழிச்சு நின்னதாலதான் இங்க எல்லாரும் கொர்... கொர்...னு தூங்குனாங்க. கேக்குறியா?

"ம்."

அந்த ஊர்ல ஒரு பெரிய மனுசன், வெள்ளைத்துரை. சட்டையில அவ்ளோ கஞ்சி, நடந்தா மொடமொடன்னு சத்தம் வரும். பட்டாளம்னு யாராவது சொன்னாப் போதும், நெஞ்சுல கையை வச்சுக்குவாரு, கண்ணுல பொலபொலன்னு தண்ணி கொட்டும். அவ்ளோ பக்தி.

அப்புறம் என்ன செஞ்சாரு அந்த மகராசன்? மூக்காயி வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவுல அவரோட வெள்ளாமைக் காடு. அதுல காலங்காலமா ஒரு பாதை. இவரு கடலை போட்டாரு, பாதையில முள்வேலிய அடைச்சாரு. தண்ணிக் குழாய் தெருவுல இருக்கு. இனிமே ஓடையைச் சுத்தித்தான் போகணும். மூக்காயிக்கு முட்டி கடக்கு கடக்குங்கும். குடத்தைத் தூக்கிட்டு எங்க சுத்துவா?

வேலி மூலையில ஒரு சின்ன இடுக்கு இருந்துச்சு. ஆடு மேய்க்கிற பேச்சி அதுல பூந்து வந்து, தெனமும் ஒரு குடம் தண்ணி வச்சுட்டுப் போவா. நெஞ்சுல கை வைக்க மாட்டா. குடம் தூக்கவே கை சரியா இருக்கும்.

அப்போ சடையாண்டி லீவுல வந்தான். அம்மா படுற பாட்டைப் பாத்தான், நேரா வெள்ளைத்துரைகிட்ட போனான்.

"ஐயா, நான் திரும்பிப் போறதுக்குள்ள அம்மாவுக்கு வழி விட்டுடுங்க. அங்க நிம்மதியா நிப்பேன்."

"அடடா, சிங்கமே, வா"ன்னாரு. டண்டணக்கா டண்டணக்கான்னு மேளம். பளபளன்னு ஒரு பொன்னாடை. பேசினாரு பேசினாரு, சோறு ஆறிப்போற வரைக்கும் பேசினாரு. வழி?

"ம்?"

வழிதான் இல்ல. அப்புறம் கோயில் கொடைத் திருவிழா வந்துச்சு. மறுபடியும் கேட்டான். "சாமி முன்னாடி வேலியப் பத்திப் பேசலாமா தம்பி?"ன்னாரு. இன்னொரு பொன்னாடை. அப்புறம் லீவு முடியுற நேரம் மூணாவது தடவை கேட்டான். "உனக்கு வழியனுப்பு விழா வைக்கிறேன், மேடையிலயே அறிவிச்சுடுறேன். அந்தப் பழைய பொன்னாடை ரெண்டையும் போட்டுக்கிட்டு வா, போட்டோவுக்கு எடுப்பா இருக்கும்"னாரு.

விழா அன்னைக்கு ஓடையில வெள்ளம். சடையாண்டிய முன்னாடியே கூட்டிட்டுப் போயி மேடையில உக்கார வச்சுட்டாங்க. அப்புறம் ஒரு பேனர் கொண்டாந்தாங்க. பனைமரம் ஒசரம். அதுல சடையாண்டி மூஞ்சி, "எங்கள் காவல் தெய்வமே"ன்னு எழுத்து. பக்கத்துல அதைவிடப் பெருசா வெள்ளைத்துரை மூஞ்சி. அதை எங்க கட்டுனாங்க தெரியுமா? மேடைக்குப் பக்கத்துல இருந்த அந்த வேலியில. விருட் விருட்டுனு கயிறை இழுத்து, மிச்சமிருந்த இடுக்கையும் அடைச்சுக் கட்டிப்புட்டாங்க. அறிவுக்கொழுந்துங்க.

விழா ஆரம்பிச்சுது. மூணாவது பொன்னாடையும் போத்தியாச்சு. வெள்ளைத்துரை மைக்கைப் பிடிச்சாரு. "வீரத்தாய் மூக்காயி அம்மாள் மேடைக்கு வரவும்!"

யாரும் வரல. மறுபடியும் கூப்பிட்டாரு. வரல. மூணாவது தடவை தொண்டை கிழியக் கூப்பிட்டாரு.

அப்போ பேனருக்குப் பின்னாலேர்ந்து ஒரு குரல். "இங்கதான்யா நிக்கிறேன். வழியில்ல. எம் மகன் மூஞ்சி மறைக்குது."

மைக்கு மட்டும் கீ...ங்னு கத்துச்சு.

பேச்சி வந்தா. இடுப்புல இருந்த அருவாளை எடுத்தா. சரக், சரக். பேனரு தொப்புனு விழுந்துச்சு. முள்ளுக்கு அந்தப் பக்கம் மூக்காயி நல்ல சேலை கட்டிக்கிட்டு, தலைசீவி, பூ வச்சு நிக்கிறா. சடையாண்டி மேடையிலேர்ந்து குதிச்சான். மூணு பொன்னாடையையும் முள்ளு மேல மடிச்சுப் போட்டான், அம்மாவைத் தூக்கி இந்தப் பக்கம் இறக்கினான். வாங்கினதுலேர்ந்து அன்னைக்குத்தான் அந்தப் பொன்னாடைக்கு ஒரு வேலை வந்துச்சு.

அப்புறம்தான் ஊருக்கு வெக்கம் வந்துச்சு. ஆளாளுக்கு ஓடிவந்து படபடன்னு வேலியப் பிடுங்கினாங்க. வெள்ளைத்துரை மைக்குல, "இதை எடுக்கணும்னு நானே நெனச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்"னாரு. கை தட்டினாங்க. கை இருக்கு, தட்டுவாங்க.

"ம்..."

மறுநாள் சடையாண்டி உடுப்பு மாட்டிக்கிட்டு பஸ்சுக்கு வந்தான். வெள்ளைத்துரை நெஞ்சை நிமித்திக்கிட்டு முதல் ஆளா நிக்கிறாரு, சல்யூட் வாங்கிக்க. அவன் அவரைத் தாண்டிப் போனான். ஓரமா ஆட்டோட நின்ன பேச்சிகிட்ட போனான்.

"அக்கா, அம்மா..."

"நான் பாத்துக்கிறேன். நீ போயிட்டு வா."

அவன் வெறப்பா நின்னு, சடக்குனு அவளுக்கு ஒரு சல்யூட் அடிச்சான். என்ன செய்யறதுன்னு தெரியாம அவ கம்பை இந்தக் கையிலேர்ந்து அந்தக் கைக்கு மாத்திக்கிட்டா. அவ்ளோதான்.

"அந்தப் பொன்னாடை?"

ஆடு தின்னுடுச்சு. அன்னைக்கு ராத்திரியே.

நீ தூங்கு. எதுத்த வீட்டு எஸ்தரக்கா இருக்காளே, அவ புருசனும் இப்போ எங்கேயோ பனியிலதான் நிக்கிறாரு. அவ வாசலை மறிச்சு ஒரு கார் நிக்குதே, முன்னாடி தேசியக்கொடியெல்லாம் கட்டி, யாரு காரு?

"அப்பா காரு..."

ஆமா, உங்கப்பன், என் அருமைத் தம்பி. புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு அவ பக்கவாட்டுல நுழைஞ்சு போறா. காலையில எந்திரிச்சதும் முதல்ல அதை எடுக்கச் சொல்லு. கொடியைக் கழட்ட வேண்டாம், காரை எடுத்தாப் போதும்.

கதை வீடு போய்ச் சேந்துடுச்சு. கண்ணை மூடு.