குளக் கட்டணமும் மூவர் கேட்ட பழியும்

பரிசுக்காக மூன்று பேர் அடித்துக்கொண்ட கதைகள் நிறையக் கேட்டிருப்பீர்கள். இது பழிக்காக மூன்று பேர் அடித்துக்கொண்ட கதை. பாதியிலேயே "எனக்குத் தெரியும்" என்று துள்ளாமல் முழுசாகக் கேளுங்கள்.

நொச்சிக்குளம் என்று ஓர் ஊர். ஊருக்குப் பெயர் கொடுத்த குளத்தில் சாயப்பட்டறைகள் பல வருஷம் கழிவைக் கொட்டின. ஊர்ச் சாக்கடையும் அதிலேயே கலந்தது. கடைசியில் பேரூராட்சி விழித்துக்கொண்டு, குளத்தைச் சுத்தம் செய்யப்போகிறோம் என்று வீட்டுக் குடிநீர் வரியோடு குளக் கட்டணம் என்று ஒன்றைச் சேர்த்தது. கட்டாவிட்டால் குழாயைத் துண்டிப்பார்கள். வழியில்லாத குடும்பங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பட்டறைக்காரர்களிடம் வாங்கினார்களா என்று என்னைக் கேட்காதீர்கள், வயிறெரியும்.

சுகந்தி விலக்குக் கேட்டு மனுப் போட்டாள். அவள் புருஷன் துரையன் சாயப்பட்டறையில் வேலை செய்து நுரையீரல் கெட்டுப் படுத்த படுக்கையாகிவிட்டான். நாலு வயது மகள் தர்ஷினி. சுகந்தி பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டிச் சம்பாதித்துக் கொண்டுவருவதில்தான் மூன்று பேரும் அரைவயிறு சாப்பிட்டார்கள்.

விலக்குக்கு ஒரு விதி இருந்தது. ஆய்வாளர் வீட்டுக்கு வந்து, தன் கண்ணால் பார்த்ததை எழுத வேண்டும். யார் சொல்வதையும் நம்பக் கூடாது. ஏனென்றால், சில கெட்டிக்காரர்கள் ஆய்வாளர் வருகிற அன்றைக்கு ஃபிரிஜ்ஜையும் டிவியையும் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டு, கிழிந்த பாயில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக் காட்டினார்கள். நம்பி எழுதிய பழைய ஆய்வாளருக்கு வேலை போயிற்று. அவர் இடத்துக்கு வந்தவர் குணசீலன்.

சுகந்தி செய்தது நேர்மாறு. அவள் வீட்டைப் பார்க்க அதுவரை வந்தவர்கள் குழுக்கடன் கொடுக்கிறவர்கள் மட்டும்தான். வீட்டில் நாலு சாமான் இருந்தால் கடன் தருவார்கள். வெறும் சுவராக இருந்தால் திரும்பிப் போய்விடுவார்கள். சர்க்கார் ஆளும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுத் தெய்வானையும் அதையே சொன்னாள்.

"ஆபீசர் வர்றப்ப வீடு இப்படிக் கெடந்தா நல்லாவா இருக்கும், கண்ணு? நம்மள மதிக்கோணுமல்ல? என்ற வீட்டுச் சாமானைக் கொண்டாந்து வெச்சுடறேன்."

நாற்காலி வந்தது, மிக்ஸி வந்தது, சுவர்க் கடிகாரமும் வந்தது. குணசீலன் வந்து உட்கார்ந்ததும், தெய்வானை தன் வீட்டில் போட்ட காப்பியைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து சுகந்தி கையில் கொடுத்தாள்.

குணசீலன் காப்பியை வாங்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். மூலையில் துரையன் இருமிக்கொண்டு கிடந்தான். காப்பி சுட்டது, அடுப்போ ஆறிக் கிடந்தது. அதையும் அவர் பார்த்தார்.

"இதெல்லாம் உங்களுதாம்மா?"

"ஆமாங்க சார்," என்றாள் சுகந்தி, பெருமையாக.

நமக்கெதற்கு வம்பு என்று 'வசதியுள்ள குடும்பம்' என எழுதிக்கொண்டு போய்விட்டார் குணசீலன்.

மனு தள்ளுபடியானது. கட்டணம் கட்ட வழியில்லை, குழாயைத் துண்டித்தார்கள். விஷயம் புரிந்ததும் சுகந்தி தலையில் அடித்துக்கொண்டாள். ஆபீஸுக்குப் போய் உண்மையைச் சொல்லக் கிளம்பியவளைத் தெய்வானை தடுத்தாள்.

"பொய் சொன்னேன்னு கேஸ் போட்டுருவாங்க. அப்புறம் புள்ளைய ஆரு பார்ப்பா? நான் தண்ணி தர்றேன், பேசாம இரு."

கொடுக்கவும் செய்தாள். ஆனால், துண்டித்த வீட்டுக்குத் தண்ணீர் கொடுப்பவர்களின் குழாயையும் துண்டிப்போம் என்று பேரூராட்சி ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாக அறிவித்தது. தெய்வானைக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறதே! கொடுப்பதை நிறுத்திவிட்டாள்.

வேறு வழியில்லாமல் சுகந்தி குளத்துத் தண்ணீரை மொண்டு வந்தாள். துணியில் வடிகட்டி, காய்ச்சி, ஆறவைத்துக் கொடுத்தாள். ஒருநாள் அவள் வேலைக்குப் போயிருந்தபோது, தாகம் பொறுக்காத தர்ஷினி காய்ச்சாத தண்ணீர் இருந்த குடத்திலிருந்து தானே மொண்டு குடித்துவிட்டாள். வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, சுகந்தியின் தோளிலேயே உயிர் போய்விட்டது.

இழவு வீட்டில்தான் அந்தச் சண்டை நடந்தது.

"நாந்தான் கொன்னேன். 'எரவல் சாமானுங்க சார்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ற புள்ள இருந்திருக்கும்," என்று சுகந்தி மண்ணில் புரண்டாள்.

"நீ என்னடி பண்ணுவே? சாமானைக் கொண்டாந்து வெச்சவ நானு. உண்மையச் சொல்லப் போனவளத் தடுத்ததும் நானு. தண்ணி குடுக்கறத நிறுத்தினதும் நானு. பழி எனக்குத்தான்," என்று தெய்வானை மாரில் அடித்துக்கொண்டாள்.

சேதி கேட்டு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்ற குணசீலன் வாய் திறந்தார். "உங்க ரெண்டு பேர் மேலயும் தப்பில்லைங்கம்மா. எனக்கு அன்னிக்கே சந்தேகம். இல்லாத குடும்பம்னு எழுதினா எனக்கும் வேலை போயிடும்னு பயந்துட்டேன். பழி என்னுது."

ஊர்க்காரர்கள் அவரைச் சமாதானப்படுத்தினார்கள். விதிப்படி நடந்தவர், அவரை எப்படிக் குற்றம் சொல்வது என்றார்கள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பொய் சொன்னது ஒருத்தி. அதற்கு வழி செய்ததும், பிறகு கைவிட்டதும் இன்னொருத்தி. விதியை மீறாதவர் என்று ஊரே சொல்கிறவர் ஒருவர். இந்த மூவரில் பழி யாரைச் சேரும்?

என் விடை இது; ஒப்பவில்லையென்றால் சண்டைக்கு வாருங்கள். சுகந்தி பொய் சொன்னாள், அது தன் பிள்ளையைத்தான் கொல்லும் என்று தெரியாமல் சொன்னாள். தெய்வானை சாமான் கொடுத்தது அன்பினால், மற்றதெல்லாம் செய்தது பயத்தினால். அந்தப் பயத்தை ஒலிபெருக்கி கட்டி ஊட்டியவர்கள் வேறு. எந்தச் சொல்லை எழுதினால் குழாய் போகும் என்று அன்றைக்கே அறிந்திருந்தவர் குணசீலன் ஒருவர்தான். யார் சொல்வதையும் நம்பாதே, கண்ணால் பார்த்ததை எழுது என்றது விதி. ஆறிய அடுப்பைப் பார்த்தார், எழுதவில்லை. சுகந்தியின் "ஆமாங்க"வை நம்பாமலே எழுதிவிட்டார். அப்புறம் விதியாவது மண்ணாவது! பழி அவருடையதுதான். குழந்தை போன பிறகு அவரே திருத்தி எழுதி விலக்கு வாங்கிக் கொடுத்தார். இப்போது அந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறது. கொட்டுகிற சத்தம் கேட்டாலே சுகந்தி காதைப் பொத்திக்கொண்டு அழுகிறாள்.