மடத்துக்குள்ள ஒரு சட்டை

பங்குனிப் புழுக்கத்துல மடத்துச் சுவரே வேர்த்துக்கிட்டு இருந்துச்சு. அந்த மடத்துக்குள்ள ஆம்பளைங்க யாரும் சட்டை போடுறதில்ல. வேட்டி, துண்டு, அவ்வளவுதான். அன்னிக்குச் சாயங்காலம் ஈஸ்வரமூர்த்தி மட்டும் முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துப் பித்தான் வரைக்கும் பூட்டிக்கிட்டு வந்தாரு.

"லேசா குளிருது"ன்னு கேட்டவங்களுக்குச் சொன்னாரு. கேக்காதவங்களுக்கும் சொன்னாரு.

குருவுக்கும் சிஷ்யருக்கும் வயசு இடம் மாறிப்போன மடம் அது. காவி கட்டுறதுக்கு முன்னால டுடோரியல்ல உயிரியல் நடத்திக்கிட்டிருந்தவரு சாமி. இன்னும் தலையில ஒரு முடி நரைக்கல. ஈஸ்வரமூர்த்தி பேரன் எடுத்தவரு. சாமி அவரை அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவாரு.

விடிஞ்சா குருபூஜை. மடத்தை ஆரம்பிச்ச பெரிய சாமியோட பாதுகையைத் தலையில வச்சு ஊரைச் சுத்தி வரணும். இந்த வருஷம் அது ஈஸ்வரமூர்த்திக்குன்னு சாமி சொல்லியிருந்தாரு. சுத்தி வந்ததும், வரிசையில நிக்கிற அத்தனை பேரு நெத்தியிலயும் அவரு கையாலதான் திருநீறு. மனுஷன் மடத்துக்கு வந்த நாள்லேருந்து காத்துக்கிட்டு இருந்தது இதுக்குத்தான்.

காலையில குளிக்கும்போது நெஞ்சுல நாலு கொப்புளம் பாத்தாரு. மத்தியானம் எண்ணிப் பாக்கப் பயந்துக்கிட்டு விட்டுட்டாரு.

அந்த மாசத் தொடக்கத்துல மடத்துப் பாடசாலைப் பையங்க ரெண்டு பேருக்கு அம்மை போட்டிருந்துச்சு. கஞ்சி கொண்டு போனது இவருதான். அவங்க அறை வாசல்ல சொருகின வேப்பிலை இன்னும் காஞ்சு தொங்குது.

"சாமி, உடம்புக்குள்ள கிருமி பூந்துட்டா உடம்பே அதை அடிச்சுப் போட்டுருமாமே?"

"போடும்."

"ஒரு ராத்திரியில?"

சாமி நிமிரல. திருநீத்துத் தட்டைத் துடைச்சுக்கிட்டு இருந்தாரு. "யாருக்கு அவ்வளவு அவசரம், அண்ணாச்சி?"

"சும்மா கேட்டேன்."

"உடம்புல காவக்காரங்க சுத்திக்கிட்டேதான் இருக்காங்க. ஆனா அவங்க நிக்கிறது தெருவுல. கிருமி பூந்தது வீட்டுக்குள்ள. கதவு வேற சாத்தியிருக்கு."

"பின்ன எப்படித் தெரியும்?"

"வீடே சொல்லும். ஒவ்வொரு செல்லும் ஒரு வீடுன்னு வச்சுக்கோங்க. உள்ள என்ன ஆக்குறாங்களோ, அதுல துளி எடுத்து வாசல்ல வச்சிரும். காவக்காரன் பாத்துக்கிட்டே போவான். தெரியாத சரக்கா இருந்தா நிப்பான்."

"நின்னு?"

"வீட்டையே முடிச்சிருவான். கிருமி அதோட போச்சு."

"முடிச்சிருவான்னு தெரிஞ்சுமா வைக்குது?"

"வைக்குது."

அந்த நேரம் பாத்து மேலத்தெரு செண்பகம் வந்தா. எட்டு மாச வயிறு. "நாளைக்குக் கூட்டத்துல நிக்க முடியாது பெரியப்பா. இப்பவே பூசி விட்டுருங்க"ன்னு தலையைக் குனிஞ்சா.

ஈஸ்வரமூர்த்தி கை திருநீத்துத் தட்டு வரைக்கும் போச்சு. அங்கேயே நின்னுருச்சு.

"சின்னப் பிள்ளையில உனக்கு அம்மை வந்திருக்காம்மா?"

"இல்லையே. ஏன் கேக்கீங்க?"

அவரு சுவரு இடிக்கிற வரைக்கும் பின்னால போனாரு. "சாமிகிட்ட வாங்கிக்கோ. என் கை எங்கே போயிரப் போகுது."

சாமி பூசிவிட்டாரு. செண்பகம் போயிட்டா. வெளியே நாளைக்கு வாசிக்கிற மேளக்காரரு தவிலை வாரு பிடிச்சுத் தட்டிப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

"சாமி." குரல் இறங்கிப் போச்சு. "ஒரு வீடு வாசல்ல ஒண்ணுமே வைக்காம கம்முனு இருந்துட்டா?"

"சில கிருமி அப்படிப் பண்ண வைக்கும்."

"அப்போ காவக்காரன் தாண்டிப் போயிருவான்."

"அவன் போயிருவான். அதுக்குன்னு இன்னொருத்தன் இருக்கான். வாசல்ல என்ன இருக்குன்னு அவன் பாக்கிறதில்ல, என்ன இல்லைன்னு பாப்பான். காலி வாசல்லதான் அவன் நிப்பான்."

"நின்னு என்ன கேப்பான்?"

சாமி தட்டைக் கீழ வச்சாரு.

"அண்ணாச்சி, இந்தப் புழுக்கத்துல சட்டை எதுக்கு?"

ஈஸ்வரமூர்த்தி கழுத்துப் பித்தானைக் கழட்டினாரு. அடுத்தது. அதுக்கு அடுத்தது. நாலு இல்ல, நெஞ்சு பூராவும் இருந்துச்சு.

"பின்கட்டு அறையில படுத்துக்கோங்க"ன்னாரு சாமி. "பச்சை வேப்பிலை நான் பறிச்சுச் சொருகுறேன். கஞ்சியும் நான்தான் கொண்டு வருவேன். எனக்குச் சின்ன வயசுலயே வந்து போயிருச்சு. என் காவக்காரங்களுக்கு அந்த மூஞ்சி மறக்காது."

ஈஸ்வரமூர்த்தி நகரல.

"பன்னெண்டு வருஷம், சாமி. நாளைக்கு ஒரு நாள்தான."

"உங்க நெஞ்சுக்குள்ள இந்த நிமிஷம் எத்தனை வீடு விழுந்துக்கிட்டு இருக்கு, அண்ணாச்சி. அதுல ஒண்ணுகூட நாளைக்குக் குருபூஜைன்னு சொல்லி வாசலை மறைக்கல."