ஏறி நின்ற சுருதி

திருச்சி மேலப்புதூரில் டெல்பினிடம் கிட்டார் படித்தவர்களில் சற்குணம்தான் வயதில் மூத்தவர். ஆசிரியைக்கு முப்பது தாண்டி ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். மாணவருக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. தங்கமுத்து ஆர்க்கெஸ்ட்ராவில் வாலிபத்திலிருந்து, பாட்டுக்கு அடியில் கனத்த ஓசை கொடுக்கும் பேஸ் கிட்டார் வாசிப்பவர். எல்லாம் கேட்டுக் கேட்டே கற்றது. இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்கத் தெரியாததால் ஓர் ஒலிப்பதிவு வாய்ப்பு கைநழுவிப் போனபோது, வெட்கத்தை விட்டு இவளிடம் வந்து சேர்ந்தார். மற்றவர்கள் அவளை மிஸ் என்றார்கள். அவர் மட்டும் மாஸ்டர் என்றார்.

டெல்பின் அதிகம் பேச மாட்டாள்.

ஒரு நாள் பாடம் முடிந்ததும் சற்குணம் கேட்டார்.

"மாஸ்டர், கடையில ஒரு பேஸ் பார்த்து வச்சிருக்கேன். கழுத்து குட்டை. ஃப்ரெட்டும் கிடையாது. வாங்கலாமா?"

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் உலோகக் கட்டைகளைத்தான் ஃப்ரெட் என்பார்கள். இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விரல் எங்கே விழுந்தாலும் சுரம் சரியாகவே வரும். ஃப்ரெட் இல்லாத கழுத்து வெறும் வழவழத்த மரம். விரல் விழுந்த இடம்தான் சுரம்.

"குட்டைக் கழுத்து எதுக்கு?"

"இடது தோள் பிடிச்சுக்குது. கையை நீட்ட முடியல."

"சரி. ஃப்ரெட் இல்லாதது எதுக்கு?"

அவர் சிரித்தார். "இத்தனை வருஷம் வாசிச்சாச்சு. இன்னும் கட்டை வச்சுக்கிட்டு வாசிக்கணுமா? ஒரு சுரத்துலேர்ந்து இன்னொண்ணுக்குக் குரல் மாதிரி வழுக்கிட்டுப் போகணும் மாஸ்டர்."

"வாங்குங்க. ஆனா மேடைக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி இங்க கொண்டு வாங்க. நான் கேக்கணும்."

"வீட்டுல எவ்வளவு நாள் பழகிட்டு வரட்டும்?"

"அது உங்க காதைப் பொறுத்தது."

வாங்கினார். வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வாசித்தார். விரல் மரத்தில் வழுக்கும்போது ஒரு பெரிய மிருகம் தூக்கத்தில் முனகுவதுபோல் சத்தம் வந்தது. அந்தச் சுகத்திலேயே பொழுது போனது. டெல்பினிடம் கொண்டுபோவதைத் தள்ளிப்போட்டார். அடுத்த கல்யாண வரவேற்புக்கு அதையே தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

மணப்பாறையில் கச்சேரி. பாடகி அம்சவேணி. பள்ளிக்கூட நாளிலிருந்து அந்தக் குழுவில் பாடுகிறவள். கணவன் விட்டுப்போன பிறகு அவளுக்கும் அவள் மகளுக்கும் சோறு போட்டது இந்தப் பாட்டுத்தான்.

முதல் பாட்டின் சரணத்தில் அம்சவேணி திரும்பி சற்குணத்தைப் பார்த்தாள். அடுத்த பாட்டில் மறுபடியும் பார்த்தாள். மூன்றாவது பாட்டில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பாடினாள்.

மேடையை விட்டு இறங்கியதும் அவரிடம் வந்தாள்.

"அண்ணே, புது கிட்டார் சுருதி கொஞ்சம் ஏறி நிக்கிற மாதிரி இருக்கு. என்னால அது மேல குரலை ஊன முடியல."

சுற்றிலும் ஆட்கள் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். டிரம்ஸ்காரன் காதில் விழாததுபோல் குனிந்துகொண்டான்.

"நீ இறங்கிப் பாடினா எல்லாம் ஏறித்தான் தெரியும்" என்றார் சற்குணம்.

அவள் முகம் சுருங்கியது. மைக்கைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்தடுத்த கச்சேரிகளிலும் அதே கதை. அம்சவேணியின் குரல் மிதக்கும், தடுமாறும், பிறகு ஒடுங்கிப்போகும். அப்பாவுக்குப் பிறகு குழுவை நடத்தும் தங்கமுத்து வேனில் சற்குணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான்.

"அண்ணே, அம்சாவுக்கு என்ன ஆச்சு?"

"சுருதி போயிடுச்சுப்பா. வயசாகுதில்ல."

கோபத்தில் சொல்லவில்லை. உண்மையென்று நம்பித்தான் சொன்னார். அந்த மாதமே அம்சவேணியின் இடத்தில் வேறொரு பெண் வந்தாள். சற்குணத்துக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

அந்த வருத்தத்தோடு டெல்பினிடம் போனார். தோளில் கிட்டார் பை தொங்கியது.

"மாஸ்டர், நல்லாப் பாடிக்கிட்டிருந்த ஒருத்திக்கு சுருதி எதனால போகும்?"

அவள் பையைப் பார்த்தாள்.

"அந்த பேஸா?"

"ஆமா."

"மேடைக்குப் போயாச்சா?"

"போயிக்கிட்டிருக்கு."

டெல்பின் எழுந்தாள். அலமாரியிலிருந்து மின்சாரச் சுருதிப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அந்தப் பொண்ணு பாடின பாட்டு எதையாவது எடுத்துக்குங்க. அது எந்தச் சுரத்துல ஆரம்பிக்கும்? வாயால பிடிங்க. கிட்டார் வேண்டாம்."

அவர் கண்ணை மூடி முனகினார். டெல்பின் பெட்டியின் குமிழைத் திருகினாள். பெட்டியின் ஓசை மெல்ல நகர்ந்து அவர் குரலோடு போய் ஒட்டியது. இரண்டும் ஒன்றானபோது அவர் தலையாட்டினார்.

"இப்ப பாடறதை நிறுத்திட்டு அதே சுரத்தை கிட்டார்ல வாசிங்க."

விரல் தயங்காமல் கழுத்தில் போய் விழுந்தது. பெட்டியின் ஓசைக்கும் கம்பியின் ஓசைக்கும் நடுவில் ஒரு நடுக்கம் ஓடியது. பல் கூசியது.

"பெட்டி இறங்கியிருக்கு மாஸ்டர்."

"உங்க குரல்லதான் வச்சேன்."

சற்குணம் விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். அதே நடுக்கம். வேறொரு சுரம் வாசித்தார். அதுவும் ஏறியே நின்றது. விரலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு இழுத்தார். விரல் அகலம்கூட நகரவில்லை. நடுக்கம் அடங்கி இரண்டு ஓசையும் ஒன்றாகின.

அவர் கழுத்து மரத்தைத் தடவிப் பார்த்தார்.

"என் பழைய பேஸ்ல இப்படி ஆனதே இல்லையே."

"உங்க விரல் இன்னும் பழைய நீளத்துக்குத்தான் போகுது சார். கழுத்து குட்டையானது அதுக்குத் தெரியாது."

"காதுக்குத் தெரியணுமே."

"பழசுல கட்டையே பார்த்துக்கிச்சு. உங்க காதுக்கு வேலையே இல்லையே."

டெல்பின் பெட்டியை அணைத்தாள். சற்குணம் பாடம் கேட்காமலே எழுந்து போனார்.

நேராகத் தங்கமுத்துவின் ஆபீசுக்குப் போனார். அவன் ஒலிபெருக்கி ஒன்றைக் கழற்றிப் போட்டுத் தூசி தட்டிக்கொண்டிருந்தான்.

"தங்கமுத்து, தப்பு என்னோடது. அம்சா சரியாத்தான் பாடியிருக்கா. நான்தான் ஏத்தி வாசிச்சிருக்கேன்."

தங்கமுத்து நிமிராமலே சொன்னான். "தெரியும்ண்ணே."

"என்ன தெரியும்?"

"மணப்பாறையிலயே தெரியும். கீபோர்டு பையன் சொன்னான். டிரம்ஸ்காரனும் சொன்னான்."

"அப்ப ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"எங்கப்பா காலத்துலேர்ந்து இருக்கீங்க. உங்களுக்கு யாருண்ணே சொல்றது?"

"அதுக்கு அவளை ஏன் நிறுத்தினே?"

"நீங்கதானே சுருதி போயிடுச்சுன்னீங்க." தங்கமுத்து துணியை உதறினான். "ரெண்டு பேரும் ஒரே மேடையில நிக்க முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. ஒருத்தர் போகணும். உங்களை நான் எப்படிப் போகச் சொல்லுவேன்?"

"இப்பக் கூப்பிடு அவளை."

"புதுப் பொண்ணுக்கு வாக்குக் கொடுத்துட்டேன். பார்க்கலாம்ண்ணே."

பார்க்கலாம் என்று அவன் சொன்னால் அதற்கு அர்த்தம் என்னவென்று சற்குணத்துக்குத் தெரியும்.

அம்சவேணி எடமலைப்பட்டிப்புதூரில் குடியிருந்தாள். இப்போது ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடித்துவைக்கும் வேலை. அவர் போனபோது அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, கால் வீங்கி உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கண்ணே" என்று எழுந்தாள். தண்ணீர் கொடுத்தாள்.

அவர் குடிக்கவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தார். மணப்பாறை, விரல், சுருதிப் பெட்டி, தங்கமுத்து சொன்னது, எல்லாவற்றையும். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"இப்ப சொல்றீங்க" என்றாள். "நான் அப்பவே நம்பிட்டேண்ணே."

"எதை?"

"நீங்க சொன்னதை. இத்தனை வருஷம் உங்க வாசிப்பு மேல நின்னு பாடினவ நான். நான் இறங்கிப் பாடறதா நீங்க சொன்னா அது தப்பா இருக்குமா? எனக்குத்தான் காது கெட்டுப்போச்சுன்னு இருந்துட்டேன்."

"இல்லம்மா. உன் காதுதான் சரி."

"பொண்ணு ஸ்கூல்ல பாடணும்னு சொல்லிக்குடுக்கச் சொன்னா. வாயைத் திறந்தேன். எந்த இடத்துல ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. எதைப் பிடிச்சாலும் இறங்கியிருக்கிற மாதிரியே இருந்துச்சு. வேற யாருகிட்டயாவது கத்துக்கன்னு சொல்லிட்டேன்."

"இப்ப ஒரு வரி பாடும்மா. நான் கேக்கறேன்."

அம்சவேணி அவரைப் பார்த்தாள். பார்வையில் கோபம் இல்லை. தலையை மட்டும் மெல்ல ஆட்டினாள்.

"வேண்டாம்ண்ணே. தண்ணியக் குடிச்சிட்டுப் போங்க."

குடித்தார். வெளியே வந்து செருப்பை மாட்ட அவருக்கு வெகுநேரம் ஆனது.

அதன்பிறகு கொஞ்ச நாள் சற்குணம் பாடத்துக்குப் போகவில்லை. கச்சேரிக்கும் போகவில்லை, தோள்வலி என்று தங்கமுத்துவிடம் சொல்லிவிட்டார். அவனும் துருவிக் கேட்கவில்லை. ஒரு மாலை, டெல்பின் வகுப்பை மூடப்போகும் நேரத்தில் அந்த பேஸோடு படியேறி வந்தார். நடந்ததையெல்லாம் சொன்னார்.

"அவளுக்கு நான் என்ன செய்யட்டும் மாஸ்டர்?"

"தெரியல சார்."

அவள் அப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை. பையை மேஜைமேல் வைத்தார்.

"இதைப் பார்க்கவே பிடிக்கல. கடைக்காரன் திரும்ப எடுத்துக்கறேங்கிறான். குடுத்துட்டுப் பழையதையே வாசிக்கிறேன். இனிமே தப்பு வராதில்ல?"

"வராது. வந்தாலும் உங்களுக்குத் தெரியாது."

டெல்பின் பையின் ஜிப்பைத் திறந்து கம்பியொன்றை லேசாகச் சுண்டினாள். ஓசை அடங்கும்வரை காத்திருந்தாள்.

"உங்க முகத்துக்கு நேரா உள்ளதைச் சொன்னது ரெண்டே பேர்தான் சார். ஒருத்தியை ஏற்கெனவே அனுப்பியாச்சு. இப்ப இதையுமா?"