கூழைக்கடா கண்ட எழுபத்து மூன்றாம் புள்ளி

காட்டு ஏரி ஒன்றின் கிழக்குக்கரையில் பத்துச் சருகுமான்களும் மேற்குக்கரையில் பத்துச் சருகுமான்களும் இருந்தன. அந்தக் கோடையில் ஏரி பாதியாக வற்றிப்போனது.

அங்கே மீன் தின்னும் கூழைக்கடாப் பறவை ஒன்றும் இருந்தது. எல்லோரும் அதைப் பண்டிதர் என்றே அழைத்தார்கள். அழைக்காதவர்களிடம் அது பேசுவதில்லை.

பண்டிதருக்கு ஒரு சங்கடம். அது மீன் பிடிக்கும் பக்கத்தில் மேற்குக்கரை மான்கள் இறங்கித் தண்ணீரைக் கலக்கியதால் மீன் கண்ணில் படவில்லை. 'எனக்கு மீன் வேண்டும், நீங்கள் கிளம்புங்கள்' என்று சொன்னால் மரியாதையாகவா இருக்கும்? ஆராய்ச்சி என்று சொன்னால் மரியாதை!

எனவே பண்டிதர் பாறைக்குகை வௌவாலைக் கூப்பிட்டது. வௌவால் கீச்சென்று கத்தி, எதிரொலியைக் கேட்டே மண்டைக்குள் இருப்பதைக் கண்டுபிடித்துவிடும். இருபது மான்களின் மூளையையும் அது இருபது தேக்கிலைகளில் படமாக்கியது. இலைக்கு நூறு புள்ளி; காம்பில் அது யாருடையது என்ற குறி. எதிரொலி பலமாக வந்த இடத்தில் ஆழமான புள்ளி.

பண்டிதர் மூன்று நாள் இலைகளைப் புரட்டியது. தொண்ணூற்றொன்பது புள்ளிகளில் இரண்டு கரைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவற்றைப் பற்றிப் பண்டிதர் மூச்சே விடவில்லை. எழுபத்து மூன்றாம் புள்ளி மட்டும் கிழக்குக்கரைக்கு ஆழமாக இருந்தது.

"எழுபத்து மூன்றாம் புள்ளியே அறிவின் இருப்பிடம்!" என்று இரண்டு கரையாரையும் கூட்டிய சபையில் முழங்கியது.

"நேற்றுவரை அப்படி யாரும் சொல்லவில்லையே?" என்றது நுணா. மேற்குக்கரைப் பெண்மான் அது. காலடியில் ஒன்பது நாள் குட்டி.

"நேற்றுவரை நான் கண்டுபிடிக்கவில்லை! மேற்குக்கரையார் மந்தபுத்திக்காரர்கள். நாளைக்கே ஏரியை விட்டுப் போகவேண்டும்!"

கிழக்குக்கரை மான்கள் குளம்பைத் தட்டி ஆரவாரித்தன. திடீரென்று அறிவாளியாவது யாருக்குத்தான் கசக்கும்?

அடுத்த நீர்நிலைக்கு இரண்டு நாள் நடை. நுணா குட்டியைப் பார்த்தது. அவ்வளவு தூரம் அது நடக்காது. நுணா முன்னால் வந்து கேட்டது:

"இந்த வித்தியாசம் கரையால் வந்ததா, சும்மா அமைந்ததா? எப்படித் தெரியும்?"

"அதற்கு ஒரு வழி உண்டு," என்றது வௌவால். "எந்த இலை எந்தக் கரை என்று பார்க்காமல் கலைத்து, பத்துப் பத்தாகப் பிரிப்போம். நூறு புள்ளியில் எது அதிகம் வேறுபடுகிறதென்று பார்ப்போம். இப்படி நூறு முறை. கலைத்துப் போட்ட குவியல்களில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அபூர்வமாக வந்தால் பண்டிதர் சொல்வதற்கு மதிப்புண்டு."

"நூறென்ன, ஆயிரம் முறை கலையுங்கள்!" என்று பண்டிதர் பெருந்தன்மையோடு சிரித்தது.

இலைகளைக் கவிழ்த்துக் கலைத்தார்கள். முதல் முறையே பன்னிரண்டாம் புள்ளியில் பண்டிதர் காட்டியதைவிடப் பெரிய வித்தியாசம்!

"தற்செயல்!" என்றது பண்டிதர்.

"அது எவ்வளவு சுலபமாக வருகிறதென்றுதானே பார்க்கிறோம், அய்யா," என்றது வௌவால்.

சாயங்காலத்துக்குள் நூறு முறை முடிந்தது. அறுபத்திரண்டு முறை ஏதாவது ஒரு புள்ளியில் அந்த அளவோ, அதைவிட அதிகமோ வித்தியாசம் வந்திருந்தது.

"அப்படியானால் அந்தப் புள்ளிகளும் அறிவின் இருப்பிடங்களே!" பண்டிதர் விடவில்லை.

கிழக்குக்கரைக் கிடா ஒன்று கடைசி முறை வித்தியாசம் காட்டிய புள்ளி ஆழம் குறைந்திருந்த குவியலைப் புரட்டி, இலைகளின் காம்புக் குறியைப் பார்த்தது. "பண்டிதரே! இந்தத் தடவை மந்தபுத்திக் குவியலில் நான் இருக்கிறேன்! என் தம்பியும் இருக்கிறான்!"

"அது... அது வெறும் கலைத்துப் போட்ட குவியல்!"

"உங்களுடைய குவியல் மட்டும் எதில் உசத்தி?" என்றது நுணா.

பண்டிதருக்கு அப்போதுதான் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது. இருமிக்கொண்டே நாணலுக்குள் போனது.

அறிவாளிப் பட்டம் இவ்வளவு எளிதில் கைமாறும் என்று தெரிந்ததும் கிழக்குக்கரையாருக்கு அந்தப் பட்டமே வேண்டாமென்றாயிற்று. இரண்டு கரையும் முறைவைத்துக் குடித்தன. நுணாவின் குட்டி அன்று வயிறு முட்டக் குடித்தது.

நீதி: எப்படிக் கலைத்துப் பிரித்தாலும் சுலபமாகக் கிடைக்கும் வித்தியாசத்தைக் காட்டி ஒரு கூட்டத்தைத் தாழ்த்துகிறவன், தன் ஆசைக்குத்தான் ஆராய்ச்சி என்று பெயர் வைக்கிறான்.