அஞ்சலாட்சி கொடுக்காத தெவசம்

"போனவனுக்கு எள்ளும் தண்ணியும், இருக்கிறவனுக்கு…" என்று எங்கள் பெரியப்பா ஒன்று சொல்வார். பின்பாதி நினைவில்லை. 'சொல்லும் சோறும்' என்று முடித்தாரா, 'சொல்லாத பொய்யும்' என்றா? பல வருஷம் வேறு பாஷையில் பிழைத்ததில் உதிர்ந்துவிட்டது. அது தெரிந்திருந்தால் இந்தக் கதைக்கு விடை சுலபம்.

கோயம்புத்தூரில் தெய்வசிகாமணி என்றொருவர். குடிக்காத மனிதர், ஆனாலும் கல்லீரல் சுருங்கிவிட்டது. மாற்று ஈரலுக்குப் பதிந்துவிட்டுப் பதினான்கு மாதம் காத்திருந்தார். உப்பில்லாச் சோறு. பதினைந்து நாளுக்கொரு முறை வயிற்றிலிருந்து நீரெடுக்க வேண்டும். புத்தி கலங்கும் நாட்களில் மனைவி கோமதியைத் தங்கை பேர் சொல்லிக் கூப்பிடுவார்.

ஒரு பகலில் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. உடை மாற்றிப் படுக்கவைத்த பிறகும் நேரம் இழுத்தது. ஏன் என்று கேட்டார். ஈரல் யாருடையது என்று சொல்லக்கூடாது. ஆயா ரோஸி அதை முகக்கவசத்துக்குள்ளிருந்து சொன்னாள். அவர் காதில் விழுந்தது இது: "அவங்க கடலூர் சார். அப்பா மலை இறங்கி வந்து கையெழுத்துப் போடணுமாம்." கடலூரில் மலை ஏது என்று யோசிக்கும் நிலையில் அவர் இல்லை.

பிழைத்தார். வேளை தவறாத மாத்திரை, காய்ச்சிய தண்ணீர், கூட்டத்துக்கு விலக்கு. கருவாட்டு வாசனைக்கே எழுந்து போகிறவருக்குக் கருவாட்டின் மேல் ஆசை வந்தது. யாருடைய நாக்கு இது? ஆபரேஷன் நடந்த வாரத்துப் பேப்பரைத் தேடி எடுத்தார். கடலூர்ப் பக்கத்து மீனவர் ராஜவேல், விபத்தில் மூளைச்சாவு, உறுப்புகள் தானம் என்று படத்தோடு இருந்தது. விசாரித்துப் போய்விட்டார்.

ராஜவேலின் தாய் அஞ்சலாட்சிக்கும் இவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவள் இவர் வலது விலாவில் கை வைத்து, "வந்துட்டியாடா" என்றாள். மகன் படத்திலிருந்த மாலையைக் கழற்றித் தெருவில் எறிந்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் படையல் இல்லை. அடிக்கடி போன் மட்டும் வரும்: "மாத்திர போட்டியா ராசா?"

வருஷம் திரும்பியது. சோதனைக்குப் போன இடத்தில் ரோஸி எதிர்ப்பட்டாள். கடலூர் போய் வந்ததையும் அஞ்சலாட்சி போன் செய்வதையும் சொன்னார்.

"கடலூரா? ஐயோ சார், நான் கூடலூர்ன்னுல்ல சொன்னேன்! நீலகிரி கூடலூர்." குரலைத் தாழ்த்தினாள். "நான் சொன்னேன்னு வெளிய வந்தா வேலை போயிடும். அந்தம்மா போனை எடுக்காம விட்டுடுங்க."

விலாவுக்குள் ஒரு வருஷமாக ராஜவேலாக இருந்தது அன்று பேரில்லாததாகிவிட்டது. கருவாட்டு ஆசை மட்டும் போகவில்லை.

இரண்டு நாளில் அஞ்சலாட்சியின் தம்பி கலியமூர்த்தி கூப்பிட்டார். "தலைத்தெவசம் வருது சார். உசுரோட இருக்கிறவனுக்கு எவனாவது தெவசம் குடுப்பானான்னு அக்கா சண்டைக்கு வருது. நீங்க சொன்னா கேக்கும். பையன் என் கனவுல வாசலுக்கு வெளியவே நிக்கிறான். உள்ள வாடான்னா, எல போடலியே மாமான்றான்."

தெய்வசிகாமணியால் அடக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னார்.

"அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க சார். உங்க காதுல ஊர்ப்பேரு தப்பா விழுந்ததுக்கு அவன் ஏன் பட்டினி கெடக்கணும்?"

கோமதி ஒப்பவில்லை. "ஏனுங்க, சொல்லிப்போடாதீங்க. அந்தப் பையனோட ஈரலும் எங்கியோ ஒருத்தருக்குள்ள உசுரோடதானுங்களே இருக்குது? ஆளுதான் மாறிப்போச்சு. அந்தம்மா நம்புனதுல பொய் எங்கீங்க?"

போனை எடுக்காதே என்கிறாள் ரோஸி. சொல்லிவிடு என்கிறார் கலியமூர்த்தி. சொல்லாதே என்கிறாள் கோமதி. சொன்னால் ஒரு தாய்க்கு மகன் இரண்டாம் முறை சாவான். சொல்லாவிட்டால் அவன் வாசலிலேயே நிற்பான். இதில் யார் சொன்னது சரி?

என் விடை இது. ரோஸி தன்னைக் காத்துக்கொண்டாள், அவளை விடுங்கள். கோமதி சொன்னதில் பொய்யில்லை. ஆனால் முகம் தெரியாத ஒருவருக்குள் மகன் இருக்கிறான் என்று இருந்துவிடுவதா, இலை போட்டு அனுப்பிவைப்பதா என்பது அஞ்சலாட்சி எடுக்க வேண்டிய முடிவு. அதை வேறு யாரும் ஒளித்துவைக்கக் கூடாது. ஆகவே கலியமூர்த்தி சொன்னதே சரி. திதிக்கு முந்தின நாள் தெய்வசிகாமணி கடலூருக்குப் போய், அஞ்சலாட்சி அவர் தட்டில் சோறு போடும் முன்பு, இரண்டு ஊர்ப் பேரையும் சொன்னார்.